மாஸ்க்க அரைச்சு ரோடு போடறேன்னு கிளம்பறதுக்கு முன்னாடி

கொரோனா போயி இத்தன வருசம் ஆச்சு, இன்னும் யாராச்சும் ஒருத்தர் அந்த ஆஸ்திரேலியா செய்திய குரூப்ல போட்டுடறாங்க, மாஸ்க்க அரைச்சு ரோடு போடறாங்களாம், தமிழ்நாட்டு பார்டர ஒட்டி பாலக்காடு பக்கம் இருக்கற நம்ம கொழிஞ்சாம்பாறைல ஏன் பண்ணக்கூடாதுன்னு. ஆசை நல்லதுதாங்க, ஆனா பாதி பேரு ரெண்டு வேற வேற ரோட்ட ஒண்ணா நெனச்சுட்டு பேசறாங்க.

மெல்போர்ன் ஆர்எம்ஐடி யுனிவர்சிட்டில 2021ல காட்டுனது ரோட்டோட அடி லேயருக்கு, அதாவது இடிச்ச கட்டடத்து கான்கிரீட்ட உடைச்சு அதுல அரைச்ச மாஸ்க் கலந்து ரோலர் ஓட்டற லேயரு. 1, 2, 3 சதவீதம்னு கலந்து பாத்ததுல 1 சதவீதம்தான் நல்லா நின்னுச்சு, கூட போட்டா பலம் கொறஞ்சுது. அதுல தாரும் இல்ல சூடும் இல்ல. நம்மூர் பிளாஸ்டிக் ரோடு மேல் லேயரு, மதுரை தியாகராசர் இன்ஜினியரிங் காலேஜ் வாசுதேவன் சார் (2018ல பத்மஸ்ரீ வாங்குனவரு) கொண்டு வந்த முறை. ஜல்லிய 160, 170 டிகிரிக்கு சூடு பண்ணி பிளாஸ்டிக் தூள அதும்மேல தூவுனா உருகி ஜல்லில ஒட்டிக்கும், அப்பறம்தான் தார். அங்க உருகக்கூடாது, இங்க உருகியே ஆகணும்.

அடுத்தது இந்த "தார் சூட்டுல கிருமி செத்துரும்" பேச்சு. செத்தாலும் மூட்டைய பிரிக்கறது, தரம் பிரிக்கறது, மிசின்ல அள்ளி போடறது எல்லாம் சூட்டுக்கு முன்னாடிங்க, அதயெல்லாம் கைல செய்யறது ஒரு பொம்பள. ஆர்எம்ஐடிக்காரங்களே யாரும் போடாத புது மாஸ்க்க வச்சுதான் டெஸ்ட் பண்ணாங்க, அத யாரும் பார்வர்டு பண்றதில்ல.

எங்க தெருவுக்கு பிளாஸ்டிக் குப்பை எடுக்க வர்ற ஹரித கர்ம சேனா அக்கா ஒரு நா ஷெட்ல அரைக்கற மிசின் பிளேட காட்டுச்சு, தண்டு பூரா வெள்ள ரப்பர் நூல் கொண்டை மாதிரி சுத்திக்கிடக்குது. "ஏங்கண்ணு, பால் கவர் பத்து மூட்டை அரைச்சுருவேன், இந்தக் காது ரப்பர் ஒரு பிடி வந்தா போச்சு, நின்னுக்குது." கத்திய வச்சு அறுத்து அறுத்து எடுத்துட்டு இருந்துச்சு. மாஸ்க்ல உருகறது அந்த மூணு அடுக்கு துணி மாதிரி இருக்கற பாலிபுரோப்பிலின்ங்கற பிளாஸ்டிக் மட்டும்தான், மூக்குக் கம்பியையும் ரப்பரையும் வெட்டி எடுத்தாகணும். லட்சக்கணக்குல யாரு உக்காந்து வெட்டுவாங்கன்னு கேட்டா குரூப்ல ஒருத்தரும் வாய் தொறக்கல.

மாஸ்க்கே இப்படின்னா பிபிஇ கிட்டுல (ஆஸ்பத்திரில தலையில இருந்து கால் வரைக்கும் போடற பாதுகாப்பு உடுப்புல) இருக்கறத எல்லாம் அப்படியே கொட்டுனா என்ன ஆகும்? நைட்ரைல், லேடெக்ஸ் கிளவுஸ் ரப்பர் ஜாதி, உருகவே உருகாது, கருகும். ஃபேஸ் ஷீல்டு நெறைய பெட் (தண்ணி பாட்டில் பிளாஸ்டிக்), அது உருக 250 டிகிரிக்கு மேல வேணும். மலிவான வினைல் கிளவுஸ்தான் ரொம்ப மோசம், அது பிவிசி, சூடேறுனா ஹைட்ரஜன் குளோரைடுங்கற அமில வாயு வரும், தாரும் ஜல்லியும் சூடா கலக்கற ஹாட்மிக்ஸ் பிளாண்ட்கிட்ட நிக்கறவன் நெஞ்சுக்குள்ள நேரா போகும்.

ஆஸ்பத்திரி சாமான்னா கலர் பைய பாக்காம தொடவே தொடாதீங்க. கொரோனா டைம்ல மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் சொன்னபடி மாஸ்க், ஷூ கவர், தொப்பி எல்லாம் மஞ்சப் பை, எரிக்கறதுக்கு போகுது. உடம்பு பூரா மூடற பிளாஸ்டிக் உடுப்பு, கண்ணுக்கு போடற கண்ணாடி, நைட்ரைல் கிளவுஸ் செவப்புப் பை, அத ஆட்டோகிளேவ்ல (நீராவி அழுத்தத்துல) கிருமி நீக்கி அரைச்சப்பறம் அதுல இருக்கற பிளாஸ்டிக்க ரோட்டுக்கு குடுக்கலாம்னு 2016 விதியிலயே இருக்குது. அதாவது எல்லாரும் ஆசப்படற மாஸ்க்குதான் ரோட்டுக்கு வராத பையில கிடக்குது!

அந்த ஆஸ்திரேலியா செய்தில வந்த 30 லட்சம் மாஸ்க், 93 டன் குப்பை மிச்சம்ங்கற கணக்க பேனர்ல போடறவங்க ஒரு தடவ வகுத்துப் பாருங்க, ஒரு மாஸ்க் 31 கிராம் வருது. மளிகைக்கடை தராசுல வச்சா மூணு நாலு கிராம் தாண்டாது.

அப்பறம் நம்ம பார்டர் விசயம். ஹாட்மிக்ஸ் பிளாண்ட் பொள்ளாச்சி பக்கம் இருக்குது, கோபாலபுரம் வழியா நாலு மூட்டை ஏத்தி விட்டுரலாம்னு நெனைக்காதீங்க. 2024 டிசம்பர்ல திருநெல்வேலி பக்கம் கொட்டுன கேரளா ஆஸ்பத்திரிக் கழிவ பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி லாரி லாரியா திரும்ப அள்ளிட்டு போனாங்க, அதுல இருந்து செக்போஸ்ட்ல மூட்டைய கண்டாலே பிரிக்கச் சொல்றாங்க.

பாலிபுரோப்பிலின்தான் வேணும்னா வீட்டுக்கு வீடு அரிசிச் சாக்கு மடிச்சு வச்சுருக்காங்க, அதுவும் அதே சரக்குதான், காது ரப்பரும் கிடையாது மூக்குக் கம்பியும் கிடையாது.