'எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடும் தவறுகள்

புகைப்பட எடிட்டிங் கற்கத் தொடங்கியவர்களிடம் சில மாதங்களிலேயே ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. கேமராவைக் கையில் எடுக்கும்போதே, இப்போதைக்கு எடுத்து வைப்போம், மீதியைக் கணினியில் சரிசெய்துகொள்ளலாம் என்று எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் திருத்தும் மென்பொருள், கேமராவின் ஒளி உணரியான சென்சாரில் பதிந்த ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் வல்லதே தவிர, பதியாததை மீட்டுத் தராது. செயற்கை நுண்ணறிவு இன்று அந்த இடங்களையும் நிரப்பிவிடுகிறதே என்று கேட்கலாம். அது நிரப்புவது ஊகம், நாம் கண்ட காட்சி அன்று.

முதல் தவறு, வெளிச்சமான பகுதிகளை வெளுக்க விடுவது. கேமரா சுருக்கித் தரும் வழக்கமான ஜேபெக் கோப்பு ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 ஒளிர்வுப் படிநிலைகளை மட்டுமே வைத்திருக்கும். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384 படிநிலைகள் வரை உண்டு. நிழலில் மறைந்த விவரத்தை ரா கோப்பிலிருந்து பெருமளவு வெளியே கொண்டுவரலாம் என்பது உண்மைதான். எனினும் வானமோ வெள்ளைச் சட்டையோ உச்ச அளவை எட்டி முற்றிலும் வெளுத்துவிட்டால், ரா கோப்பிலும் அங்கே மீட்பதற்கு ஏதுமிராது. ஆகவே படம் எடுத்ததும் ஒளிர்வின் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தைப் பார்த்து, வரைபடம் அங்கே முட்டி நின்றால் எக்ஸ்போஷரை, அதாவது படம் பெறும் ஒளியின் அளவை, சற்றுக் குறைத்து மீண்டும் எடுப்பதே பாதுகாப்பானது.

இரண்டாவது, ஐஎஸ்ஓ எனும் ஒளி உணர்திறன் அளவைக் கூட்ட அஞ்சி, ஒளி உள்ளே விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் ஷட்டர் வேகத்தைக் குறைப்பது. இது நல்ல பயிற்சி உள்ளவர்களிடமும் காணப்படும் பிடிவாதம். ஐஎஸ்ஓ உயர்ந்த படத்தில் தெரியும் புள்ளிகளை மென்பொருள் பெருமளவு தணித்துவிடும். அசைவால் கலங்கிய முகத்தையோ விளிம்புகளைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனிங் கருவி மேலும் அருவருப்பாக்கும். கையில் பிடித்து எடுக்கும்போது, முழுச்சட்டகக் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்டது) 200 மி.மீ. குவியத்தூர லென்ஸுக்குக் குறைந்தது 1/200 நொடி என்பது பழைய கணக்கு. லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு நம் கைநடுக்கத்தைத்தான் ஈடுசெய்யும், ஓடும் குழந்தையை நிறுத்தாது. அதற்கு 1/500 அல்லது அதற்கும் மேற்பட்ட வேகம் வேண்டும்.

காட்சியமைப்பில் நேரும் தவறுகள் இவற்றைவிட நுட்பமானவை; எந்த அளவுகோலும் அவற்றை எச்சரிப்பதில்லை. முகத்தை மிக அருகிலிருந்து எடுப்பதைப் பாருங்கள். மூக்கு நுனிக்கும் காதுக்கும் சுமார் 12 செ.மீ. இடைவெளி என்று கொண்டால், 40 செ.மீ. தொலைவிலிருந்து எடுக்கும் படத்தில் காதோடு ஒப்பிட மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் பெருத்துத் தெரியும். 2 மீட்டரில் அந்த வேறுபாடு 6 சதவீதமாகச் சுருங்கிவிடும். பலர் லென்ஸைக் குறை சொல்கிறார்கள், ஆனால் இங்கே உருவத்தை மாற்றுவது நாம் நிற்கும் தொலைவு. அதை எடிட்டிங்கில் இயல்பாகத் திருத்துவது எளிதன்று. இரண்டடி பின்னால் நகர்வது எளிது.

தலைக்குப் பின்னால் முளைத்ததுபோல் நிற்கும் கம்பமும் இத்தகையதே. பின்னணியை மங்கலாக்கினாலும் மங்கிய கம்பமாக அது அங்கேயே நிற்கும். ஓரடி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் சட்டகத்திலேயே வந்திராது. ஷட்டரை அழுத்தும் முன் கண்ணை நான்கு ஓரங்களிலும் ஒருமுறை ஓடவிடுபவர்கள் மிகக் குறைவு.

பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று தொலைவிலிருந்தே எடுப்பதற்கும் விலை உண்டு. 6000 × 4000 பிக்சல் கொண்ட 24 மெகாபிக்சல் படத்தில் அகலத்திலும் உயரத்திலும் பாதியை மட்டும் வைத்துக்கொண்டால் எஞ்சுவது 6 மெகாபிக்சல்தான். சாய்ந்த அடிவானத்தை நிமிர்த்துவதும் ஒருவகை வெட்டுதலே: 3:2 விகிதப் படத்தை 5 டிகிரி திருப்பி, அதே விகிதத்தில் வைத்துக்கொண்டால், பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கழிந்துவிடும். ஓரத்தில் இருந்த கையோ காலோ அதோடு போகும்.

எல்லாவற்றையும் எடுக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்பதும் மிகைதான். ரா கோப்பில், படத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸைத் தரம் குறையாமல் பின்னர் மாற்றலாம். அதற்காகக் களத்தில் நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் கைபேசி லென்ஸின் மேல் படிந்த விரல்ரேகையைத் துடைக்கலாம். அந்த ரேகையால் விளக்குகளைச் சுற்றிப் படரும் மங்கல் புகைமூட்டத்தைக் கான்ட்ராஸ்டை எவ்வளவு கூட்டினாலும் முழுமையாக நீக்க முடிவதில்லை.