மார்க்கா பள்ளத்தாக்கு ட்ரெக்: டெல்லியிலிருந்து முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு

ஆர்.கே.புரம், முனிர்கா பக்கத்து நண்பர்கள் வெயில் ஏற ஏற என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "லடாக்கில் ஒரு நல்ல ட்ரெக் போகணும், எங்கிருந்து ஆரம்பிப்பது?" ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பியதை எல்லாம் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். பல நாள் மலையில் நடந்து பழக்கமில்லாதவர்களை மனதில் வைத்து எழுதியது. டிக்கெட் எடுப்பது, ஹோட்டல் பிடிப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

நான் சொல்வது மார்க்கா பள்ளத்தாக்கு. லே நகருக்குத் தெற்கே, ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. சில்லிங் ஊருக்கு அருகே மார்க்கா ஆறு ஜன்ஸ்கார் ஆற்றோடு சேர்கிறது. அங்கிருந்து ஆற்றை எதிர்த்து மேலே மேலே நடந்து, சுமார் 5,200 மீட்டரில் இருக்கும் கொங்மாரு லா கணவாயைக் கடந்து, மறுபக்கம் ஷாங் சும்டோவில் இறங்க வேண்டும். கயிறு பிடித்து ஏறுவதோ பனிக்கட்டியில் நடப்பதோ பருவகாலத்தில் வழக்கமாக இருக்காது. வழியெல்லாம் கிராமங்கள், கிராமத்து வீடுகளிலேயே தங்கலாம், சாப்பாடும் அங்கேயே. நடக்கிற பாதை கடினமில்லை. உயரம்தான் கடினம், அதனால் இந்த விளக்கத்தில் பாதி உயரத்தைப் பற்றியே இருக்கும்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை போகலாம். லடாக் மழைமறைவுப் பகுதி என்பதால் உத்தராகண்டிலும் ஹிமாசலிலும் மழை கொட்டும் ஜூலை, ஆகஸ்டிலும் இங்கே நடக்க முடியும். அதற்காக மழையே வராது என்று நினைக்க வேண்டாம். 2010 ஆகஸ்டில் லேயில் ஒரே இரவு மேகவெடிப்பில் பெரும் உயிர்ச்சேதம் ஆனது. பனி உருகும் மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் ஆற்றில் தண்ணீர் ஏறிவிடும். பாலமில்லாத இடங்களில் காலையிலேயே ஆற்றைக் கடந்துவிட வேண்டும். என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் பாதி. தண்ணீர் குறைந்திருக்கும், வானம் தெளிவாக இருக்கும், இரவுக் குளிர் மட்டும் கொஞ்சம் கூடும்.

படி 2: லேவுக்கு எப்படிப் போவது

டெல்லி கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர் சொச்சம். லே நகரம் சுமார் 3,500. விடியற்காலை விமானத்தில் ஏறினால் காலைச் சாப்பாட்டுக்குள் அந்த வித்தியாசம் முழுவதையும் தாண்டிவிடுவீர்கள். உடம்புக்கு அது தெரிய வரும்போது சாயங்காலம் ஆகியிருக்கும். தலைவலி, பசியின்மை, தூக்கமின்மை எல்லாம் பெரும்பாலும் முதல் இரவில்தான் வரும். அதனால் வந்திறங்கியதும் "நான் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று கடைத்தெருவுக்குக் கிளம்பிவிடாதீர்கள். முதல் 48 மணி நேரம் ஓய்வு. தண்ணீர், சூப், படுக்கை. மது கூடாது, தூக்க மாத்திரை கூடாது. மூன்றாம் நாள் மெதுவாக ஊருக்கு மேலே குன்றில் இருக்கும் சாந்தி ஸ்தூபி வரை ஏறிப் பாருங்கள்.

நேரம் இருப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை ஸ்ரீநகர் வழி. ஸ்ரீநகரில் ஒரு இரவு, சோஜி லா தாண்டி கார்கிலில் ஒரு இரவு. கார்கில் சுமார் 2,700 மீட்டர்தான், உடம்பு அங்கே கொஞ்சம் பழகத் தொடங்கும். மறுநாள் 4,100 மீட்டர் ஃபோட்டு லாவைக் கடந்தாலும் படுப்பது லேயில்தான். மணாலி வழி பார்க்க அழகு, ஆனால் சமவெளியிலிருந்து நேராக வருகிறவர்கள் சர்ச்சுவில், கிட்டத்தட்ட 4,300 மீட்டரில், கூடாரத்தில் படுக்க வேண்டி வரும். அந்த ஒரு இரவிலேயே துவண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். போகும்போது ஸ்ரீநகர், திரும்பும்போது மணாலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: பயணத் திட்டத்தில் ஒரு கழித்தல் கணக்கு

இந்தப் படியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். நாங்கள் போன குழுவில் சிக்கல் வந்தது இங்கேதான்.

ட்ரெக் நடத்துகிறவர்கள் அனுப்பும் திட்டத்தில் "நாள் 3: 18 கி.மீ., 7 மணி நேரம்" என்று தூரமும் நேரமும் பெரிதாகப் போட்டிருக்கும். உங்களுக்கு வேண்டியது அது இல்லை, ஒவ்வொரு இரவும் எந்த உயரத்தில் படுக்கிறோம் என்பதுதான். பகலில் எவ்வளவு ஏறி இறங்கினாலும் உடம்பு அதைவிடப் படுக்கும் உயரத்துக்குத்தான் பதில் சொல்கிறது. ஒரு தாளை எடுத்து இரவு இரவாக எழுதுங்கள், அப்புறம் அடுத்தடுத்த எண்களைக் கழியுங்கள். 3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு ஒரு இரவுக்கும் அடுத்த இரவுக்கும் வித்தியாசம் 500 மீட்டருக்குள் இருக்க வேண்டும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாத நாள் ஒன்று வேண்டும். மலை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு இது.

மார்க்காவுக்குப் போட்டுப் பார்ப்போம், எல்லாம் ஏறத்தாழ. ஸ்கியூ 3,350. மார்க்கா கிராமம் 3,700. ஹன்கர் 3,950. நிமாலிங் 4,750. கடைசி இரண்டையும் கழித்துப் பாருங்கள், 800. நாள்களைச் சுருக்கிய திட்டங்களில் இந்தத் தாவல் அப்படியே இருக்கும். எங்கள் திட்டமும் அப்படித்தான் இருந்தது. ஹன்கருக்கும் நிமாலிங்குக்கும் நடுவே தாச்சுங்ட்சே என்ற புல்வெளி இருக்கிறது, சுமார் 4,200 மீட்டர். அங்கே ஒரு இரவு போட்டால் 800 என்பது 250, 550 என்று உடைந்துவிடும். 550 கொஞ்சம் அதிகம்தான், ஆனால் முந்தைய இரவுகள் மெதுவாக ஏறியிருப்பதால் பெரும்பாலானவர்களுக்குத் தாங்கும். ஒரு நாள் கூடும், செலவும் கூடும். கூடட்டும்.

இது ஏன் இப்படி? 3,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான், கொங்மாரு லாவில் பாதிக்குக் கொஞ்சம் மேல். ஆக்சிஜன் குறைந்ததும் உடம்பு வேகமாக மூச்சு வாங்கப் பார்க்கும். வேகமாக மூச்சு விட்டால் கரியமில வாயு அதிகம் வெளியேறி ரத்தத்தின் அமிலத்தன்மை குறையும், உடனே மூளை "மூச்சைக் குறை" என்று தடுக்கும். சிறுநீரகம் ரத்தத்தில் இருக்கும் பைகார்பனேட் என்ற காரப் பொருளை வெளியேற்றி இதைச் சமன் செய்ய நாள் கணக்கில் எடுக்கும். உடற்பயிற்சியால் அதை விரைவுபடுத்த முடியாது. மாரத்தான் ஓடுகிறவர்களுக்கும், உயரத்தால் தலைவலி வாந்தி என்று வரும் மலைநோய் வருவது இதனால்தான். அவர்களால் வேகமாக ஏற முடியும், ஏறிவிடுகிறார்கள்.

நிமாலிங்கில் அன்று மாலை எங்கள் குழுவில் ஒருவருக்குத் தலைவலியும் வாந்தியும். சொல்லவில்லை, போர்வைக்குள் சுருண்டு படுத்திருந்தார். டீ வேண்டாம் என்றபோதே எங்கள் வழிகாட்டி கண்டுபிடித்துவிட்டார். அவரை எழுப்பி வெளியே கூட்டி வந்து, கைத்தடியால் மண்ணில் நேராக ஒரு கோடு கிழித்தார். ஒரு காலின் குதிகால் மறு காலின் விரலைத் தொடும்படி அடிமேல் அடி வைத்து நடக்கச் சொன்னார். நான்காவது அடியில் இடது பக்கம் சரிந்து வழிகாட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான், காலை வரை காத்திருக்கவில்லை. குதிரையில் ஏற்றி, தலையில் மாட்டும் டார்ச் வெளிச்சத்தில் வந்த வழியே தாச்சுங்ட்சே பக்கம் இறக்கினார்கள். விடிவதற்குள் தலைவலி குறைந்து, காலையில் கஞ்சி குடித்தார்.

தள்ளாட்டம் வந்தால் மூளையில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, படுத்தால் அதிகமாகும் இருமல் என்றால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இரண்டுக்கும் முதல் வைத்தியம் உடனே இறங்குவது. ஆக்சிஜன், மருந்து எல்லாம் இறங்குவதற்குத் துணை மட்டுமே. வெறும் தலைவலி என்றால் அதே இடத்தில் தங்கிப் பாருங்கள், அது தெளியும் வரை மேலே ஏறாதீர்கள்.

படி 4: வழிகாட்டியிடம் கேட்க வேண்டியவை

பணம் கட்டும் முன் கேளுங்கள். தாச்சுங்ட்சேயில் ஒரு இரவு சேர்க்க முடியுமா? உடம்பு சரியில்லாமல் ஒருவர் இறங்கினால் கூடப் போவது யார், மீதிப் பேருடன் இருப்பது யார்? ஆக்சிஜன் உருளை கையோடு வருமா, குதிரை கூடவே இருக்குமா? "அதெல்லாம் ஒன்றும் ஆகாது சார்" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். நான் எப்போதும் லேயிலேயே இருக்கும் உள்ளூர் வழிகாட்டிகளைத்தான் சொல்வேன். எந்த வளைவில் எந்த மாதம் ஆறு எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும், பணமும் அந்த ஊரிலேயே தங்கும். காப்பீடு எடுப்பவர்கள் உயர வரம்பைப் படித்துப் பாருங்கள். 4,000 மீட்டருக்கு மேல் செல்லாது என்று சில பாலிசிகளில் போட்டிருக்கும்.

படி 5: டெல்லியில் பயிற்சி

மலை இல்லாத ஊரில் படிதான் மலை. எட்டு வாரம் போதும். மெட்ரோவில் எஸ்கலேட்டரை விடுங்கள். ஹவுஸ் காஸ் ஸ்டேஷன் 29 மீட்டர் ஆழம், மெஜந்தா லைனிலிருந்து இறங்கி மேலே வரை படியில் ஏறினாலே தொடை பேசும். வார இறுதியில் சஞ்சய் வனத்தில் இரண்டு மூன்று மணி நேரம், முதுகில் எட்டு கிலோ. மலை மந்திர் முருகனைப் பார்க்கப் போகிறவர்கள் அந்தப் படிகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். வேகம் வேண்டாம். பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் மேலேயும் உங்கள் வேகம். படி இறங்கும் பயிற்சியையும் விடாதீர்கள், கொங்மாரு லாவிலிருந்து ஷாங் சும்டோ வரை ஏறத்தாழ 1,500 மீட்டர் இறக்கம், முழங்காலுக்கு வேலை அங்கேதான்.

படி 6: காலணியும் மற்றதும்

கணுக்காலை மூடும் பூட்ஸ், வழக்கமான அளவைவிட ஒரு அளவு பெரிது. டெக்கத்லானில் கிடைப்பது போதும், விலை உயர்ந்தது தேவையில்லை. மாலையில் போய் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் விரிந்திருக்கும். பயிற்சி முழுவதும் அதைப் போட்டே நடந்து பழக்குங்கள்.

இறக்கத்தில் பாதம் முன்னால் வழுக்கி விரல் நகம் இடித்துக் கறுப்பது நிறையப் பேருக்கு நடக்கும். அதற்கு ஒரு முடிச்சு இருக்கிறது. கணுக்கால் மடியும் இடத்தில் இரண்டு கயிறுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். குதிகாலைத் தரையில் தட்டிப் பின்பக்கம் ஒட்டவைத்து, பிடியைத் தளர்த்தாமல் மேல் கொக்கிகளுக்குக் கொண்டுபோய்க் கட்டுங்கள். விரல் பக்கம் தளர்வாகவே இருக்கட்டும். நகத்தைக் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே ஒட்ட வெட்டிவிடுங்கள்.

கைத்தடி இரண்டு வேண்டும், ஒன்று போதாது. தண்ணீருக்குக் குழாய் வைத்த பையைவிட பாட்டிலே மேல். எவ்வளவு குடித்தோம் என்று கண்ணுக்குத் தெரியும், விடியற்காலைக் குளிரில் குழாய் உறைந்தும் போகாது. ஜீன்ஸ் வேண்டாம். ஆற்றைக் கடக்கப் பட்டை வைத்த செருப்பு. நல்ல கறுப்புக் கண்ணாடி, எஸ்.பி.எஃப். 50 வெயில் தடுப்பு கிரீம், உதட்டுக்கும் சேர்த்து. பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், கேஸ் கேனிஸ்டர் விமானத்தில் ஏறவே ஏறாது.

மேலே போகப் போகப் பசி குறையும், ஆனால் சாப்பிட்டே ஆக வேண்டும். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, உப்பு நார்த்தங்காய் மூன்றையும் சின்ன டப்பாக்களில் எடுத்துப் போங்கள். துக்பா என்ற நூடுல்ஸ் சூப்பும் ரொட்டியும் இறங்காத அன்று நிமாலிங்கில் புளிக்காய்ச்சல் சோறு இறங்கும். குழுவில் மற்ற ஊர்க்காரர்களும் கை நீட்டுவார்கள், கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள்.

பின்னால் சேர்த்தது

மலைநோய் வராமல் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். அசெட்டசோலமைடுதான் அதன் மருந்துப் பெயர். மேலே சொன்ன சிறுநீரக வேலையை அது விரைவுபடுத்துகிறது. தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மி.கி., காலையும் இரவும், ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம், குறிப்பாக சல்ஃபா ஒவ்வாமையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால். விரல் நுனியில் ஊசி குத்துவது போல இருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா சப்பென்று இருக்கும். இவை எல்லாம் மருந்தின் வேலைதான், பயப்பட வேண்டாம். அதைப் போட்டுக்கொண்டு 800 மீட்டர் தாவலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் எடுத்துப் போகலாமா என்றால், போகலாம். கையைச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள், குளிர்ந்த விரலில் எண் தவறாகக் காட்டும். எண் நன்றாக இருந்தாலும் தலைவலி இருந்தால் தலைவலியை நம்புங்கள்.

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். பள்ளத்தாக்குக்குள் பெரும்பாலான இடத்தில் எதுவுமே கிடைக்காது என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அம்மாவுக்குத் தேதி போட்டுக் கொடுத்துவிட்டுப் போனால் அவர்கள் நிம்மதியாக இருப்பார்கள்.

ட்ரெக் முடிந்த மறுநாளே விமானம் வைக்காதீர்கள். லேவுக்கு விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான், வெயில் ஏறியதும் பள்ளத்தாக்கில் காற்று பலமாகிவிடும். வானிலை கெட்டால் அன்றைய விமானம் அப்படியே ரத்து, அடுத்தது மறுநாள்தான். ஒரு நாள் கையில் வைத்துக்கொண்டு, அலுவலகத்தில் விடுப்பு கேட்கும்போதே அதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.