அப்லேஷன் மேசையில் ரத்த அழுத்தம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்லேஷன் என்றால் துடிப்புக் கோளாறு தரும் இதயத் திசுவை வடிகுழாய் வழியே சுடும் சிகிச்சை. அது நடக்கும் கேத் லேபுக்குப் புதிதாக வருபவர்கள் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். வயர் கழன்றது, அலாரத்தை அணைத்தது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தாமாகவே திருந்திவிடும்.

அழுத்தம் இறங்கினால் மயக்க மருந்தின் மேல் பழி போடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. இடது ஏட்ரியத்தில், அதாவது இதயத்தின் இடது மேலறையில், அப்லேஷன் நடக்கும். 120இல் இருந்த சிஸ்டாலிக் (ரத்த அழுத்தத்தின் மேல் எண்) மெதுவாக 105, 95, 85 என இறங்கும். “மயக்க மருந்து கொஞ்சம் கூடிடுச்சு சார்” என்று சொல்லி ஃபினைல்எஃப்ரின் ஒரு டோஸ் போடுவார்கள். எண் ஏறியதும் எல்லோருக்கும் நிம்மதி. சற்று நேரத்தில் மறுபடி இறங்கும், மறுபடி ஒரு டோஸ்.

அந்த மருந்து ரத்தக் குழாய்களை இறுக்கி எண்ணைத்தான் உயர்த்துகிறது. வடிகுழாய் இதயச் சுவரைத் துளைத்து, இதய உறைக்குள் ரத்தம் கசிந்து சேர்ந்தால் இதய அறைகள் நிரம்ப இடமே இருக்காது. இதுதான் டாம்பனேடு. உடலுக்குப் போகும் ரத்தம் குறைந்துகொண்டே போகும். ரத்தம் உறையாமல் இருக்க ஹெபரின் கொடுத்து ஏசிடியை (ரத்தம் உறைய எடுக்கும் நேரம்) 300 விநாடிக்கு மேல் வைத்திருக்கிறோம், சின்ன ஓட்டைகூடத் தானாக அடையாது. ஒருமுறை அடுத்த டோஸுக்குத் தயாரான பயிற்சி மருத்துவரை நிறுத்தி எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) வைக்கச் சொன்னேன். இதயத்தைச் சுற்றிக் கறுப்பாக நீர் வளையம். உடனே ஊசியைச் செருகி அதை வடித்தார்கள், நோயாளி பிழைத்தார்.

ஆகவே அழுத்தம் இறங்கினால் மருந்தைத் தேடும்போதே எக்கோவும் வர வேண்டும். ஃப்ளூரோவில் (நேரலை எக்ஸ்ரே) இதயத்தின் இடது விளிம்பு அசைகிறதா என்றும் பாருங்கள், அசைவு குறைந்தால் டாம்பனேடைச் சந்தேகியுங்கள். வேகஸ் நரம்பு தூண்டப்படும் வேகல் எதிர்வினையிலும் அழுத்தம் விழும். ஆனால் அதில் துடிப்பும் சேர்ந்து குறையும், சுடுவதை நிறுத்தினால் பெரும்பாலும் மீளும். மீளவில்லையா, எக்கோதான். டாம்பனேடும் சில சமயம் துடிப்பு குறைந்தே தொடங்கும் என்பதால் துடிப்பை மட்டும் நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம்.

மேசையை உயர்த்திவிட்டு டிரான்ஸ்டியூசரை மறப்பது

டிரான்ஸ்டியூசர் என்பது தமனிக்குள் வைத்த குழாயின் (ஆர்ட்டீரியல் லைன்) அழுத்தத்தை அளக்கும் கருவி. அது இதயத்தைவிட 10 செ.மீ. தாழ்ந்தால் சுமார் 7 மி.மீ. பாதரசம் கூடுதலாகக் காட்டும். மேசை நகர்ந்தால் அதையும் நகர்த்துங்கள்.

மழுங்கிய அலையை நம்புவது

திரையில் அழுத்த அலை மழுங்கித் தெரிந்தால் அதன் எண்ணும் தவறாக இருக்கலாம். குழாயில் குமிழி இருக்கிறதா பாருங்கள். அப்புறம் ஃப்ளஷ் செய்து, அதாவது குழாயில் திரவத்தை வேகமாகச் செலுத்திப் பாருங்கள்.

விடியில் (VT, இதயத்தின் கீழறையிலிருந்து வரும் அதிவேகத் துடிப்பு) கைப்பட்டையை மட்டும் நம்புவது

அது காற்றேற்றி இறக்கி முடிப்பதற்குள் நோயாளி நினைவிழந்துவிடலாம். ஆர்ட்டீரியல் லைன் போடுங்கள்.