செவ்வந்தி மொட்டே வைக்கலையா? ராத்திரி லைட்டை பாருங்க

செவ்வந்தி செடி புசுபுசுன்னு இலையா வளருது, ஐப்பசி வந்தும் ஒரு மொட்டைக் காணோம்னா, உரம் வாங்க ஓடாதீங்க, முதல்ல தொட்டியை தெருவிளக்கு, போர்டிகோ லைட் வெளிச்சம் படாத இடத்துக்கு நகர்த்துங்க.

இது ராத்திரி நீளமாகும்போது பூக்கிற செடி. விடாம நீளமான இருட்டு கிடைச்சாதான் நுனியில இலைக்கு பதிலா மொட்டு உருவாகும், நடுராத்திரியில கொஞ்ச நேரம் லைட் பட்டாக்கூட செடி இன்னும் பகல் நீளமா இருக்குன்னு நினைச்சு இலையாவே விட்டுக்கிட்டிருக்கும். பாலிஹவுஸ்ல (பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடின பண்ணைக் கூடாரம்) பூவை தள்ளிப்போடணும்னா வேணும்னே ராத்திரி பல்பு போடுவாங்க, அதே விஷயம்தான் நம்ம வாசல்ல நாம கேக்காமலே நடக்குது!

தொட்டியை நகர்த்த முடியாதுன்னா சாயங்காலம் 6 மணிக்கு கெட்டியான கருப்பு துணியை ரெண்டு குச்சி நட்டு மேல போட்டு, காலையில மறக்காம எடுத்துடுங்க. மொட்டு பட்டாணி சைஸுக்கு வந்து கலர் தெரிய ஆரம்பிச்சா அப்புறம் மூட வேண்டாம். ஆனா இடையில ஒருநாள் விட்டு ஒருநாள் மூடினா பெருசா பலன் இருக்காது.

நர்சரியில மொட்டோட வாங்கின செடிக்கு இது தேவையே இல்ல. பகல்ல நல்ல வெயில் படாத இடமா இருந்தாலோ, புரட்டாசி கடைசியில நுனி கிள்ளி விட்டிருந்தாலோ பிரச்சனை ராத்திரி லைட் இல்ல. ரோஜா, மல்லிக்கெல்லாம் இந்த இருட்டு கணக்கு செல்லாது.