சார்லி சான் படங்களைத் திரும்பப் பார்க்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

1930, 40களில் ஹாலிவுட்டில் வரிசையாக வந்த சார்லி சான் துப்பறியும் படங்களில் சீனராக வெள்ளையர் நடித்ததைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "அந்தக் காலம் அப்படி, விடுங்கள்" என்று ஒருவர் சொல்லிவிடுவார். இதைத்தான் முதலில் தவிர்க்க வேண்டும். ஹவாய்த் தீவின் ஹொனலுலு நகரச் சீனத் துப்பறிவாளர் சானாக 1931 முதல் நடித்த வார்னர் ஓலண்ட், சுவீடனில் பிறந்தவர். 1938இல் அவர் இறந்ததும் வேடம் சிட்னி டோலருக்குப் போனது, அப்புறம் ரோலண்ட் விண்டர்ஸுக்கு. மூவரும் வெள்ளையர்கள். நடிக்கத் தெரிந்த சீனர் யாரும் அன்று இல்லையா? சானின் மூத்த மகன் லீயாக, ஓலண்டுக்குப் பக்கத்திலேயே கீ லூக் நிற்கிறார். சீனாவில் பிறந்தவர், படத்தின் துறுதுறுப்பில் பாதி அவருடையது. மிஸ்டர் வாங் என்ற இன்னொரு சீனத் துப்பறிவாளர் வேடத்தை ஐந்து படங்களில் போரிஸ் கார்லாஃப் செய்தார். 1940இல் வந்த ஆறாவது படத்தில் அதைக் கீ லூக்கே ஏற்று நாயகனானார். ஆள் இருந்தார், சான் வேடத்தைத்தான் தரவில்லை. சீனர்கள் குடியேறுவதைத் தடுக்க 1882இல் அமெரிக்கா போட்ட சட்டமும் 1943 வரை, அதாவது இந்தப் படங்கள் பல வந்த காலத்திலும், அமலில் இருந்தது.

"சான் நல்லவர்தானே, எல்லோரையும்விடப் புத்திசாலிதானே" என்பது அடுத்த வாதம். உண்மைதான். ஃபூ மான்சூ போன்ற சீன வில்லன்களே திரையை நிறைத்திருந்தபோது (அந்த வில்லனாகவும் ஓலண்டே நடித்தார்) இது பெரிய மாற்றம். ஆனால் வசனத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். மகன்கள் சரளமான அமெரிக்க ஆங்கிலத்தில் வெளுத்து வாங்குவார்கள். தந்தை மட்டும் அரைகுறை ஆங்கிலத்தில் பழமொழியாகப் பொழிவார்.

சானை மட்டுமே கவனிப்பதும் தவறு. 1944இல் மோனோகிராம் நிறுவனம் தொடரை எடுத்த பிறகு, மேன்டன் மோர்லேண்ட் நடித்த பர்மிங்ஹாம் பிரவுன் என்ற கறுப்பின டிரைவர் வருகிறார். கண்ணை உருட்டிப் பயந்து ஓடுவதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. பலருக்கு இந்தக் காட்சிகளே சானைவிட வலிக்கும். அதற்காக மோர்லேண்டைக் குறை சொல்லாதீர்கள். கிடைத்த சின்ன இடத்திலும் அவருடைய நகைச்சுவை டைமிங் தப்புவதில்லை.

படங்களைப் பூட்டி வைப்பதும் வேண்டாம். 2003இல் எதிர்ப்பு எழுந்ததும் ஃபாக்ஸ் மூவி சேனல் இவற்றின் ஒளிபரப்பை நிறுத்தியது. பிறகு ஆசிய அமெரிக்கர்களின் கலந்துரையாடலோடு சேர்த்து ஒளிபரப்பியது. பின்னதுதான் சரியான வழி என்பேன்.

எங்கே தொடங்கலாம் என்றால், 1936இல் வந்த 'சார்லி சான் அட் தி ஆப்பரா'. அதில் ஒரு போலீஸ்காரர் சானைச் சீன உணவுப் பெயர் சொல்லிக் கிண்டல் செய்துகொண்டே இருப்பார். கடைசியில் சானின் திறமையை அவரே ஒப்புக்கொள்வார். இனவெறியைப் படம் கண்டிக்கிறது, கண்டிக்கும் படத்திலேயே சீனராக நிற்பவர் ஒரு வெள்ளையர். இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.