குயின் கேட்கத் தொடங்குவது எப்படி? ஒரு வியாசர்பாடி வழிகாட்டி

எங்கள் தெருவில் ஒரு பக்கம் கானா, இன்னொரு பக்கம் இளையராஜா, நடுவில் எப்போதாவது சாவு மேளம். இதற்குள் உட்கார்ந்துதான் நான் குயின் என்ற பிரிட்டிஷ் ராக் பேண்டின் பாட்டைக் கேட்கப் பழகினேன். போன வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி, "அண்ணா, அந்த பேண்டு பாட்டெல்லாம் எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதுதான் இது.

முதலில் சரியான ஆல்பத்தைப் பிடிக்க வேண்டும். 1981இல் வந்த 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தொகுப்பு போதும். பிரிட்டனில் இதுவரை மிக அதிகம் விற்ற ஆல்பம் இதுதான், 70 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் இதே பெயரில் அமெரிக்காவில் வந்ததில் பாட்டுப் பட்டியல் வேறு. 'போஹீமியன் ராப்சடி'யில் தொடங்கி 'வி ஆர் த சாம்பியன்ஸ்' பாட்டில் முடிந்து, மொத்தம் 17 பாட்டு இருந்தால் அது பிரிட்டன் பதிப்பு, அதையே எடுங்கள். பாடியவர் பெயரையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் நடைபாதையில் நான் வாங்கிய சிடியில் அட்டையில் மட்டும்தான் குயின், உள்ளே யாரோ பாடியிருந்தார்கள், அது தெரியாமல் மூன்று மாசம் ரசித்தேன்.

அடுத்து, வரிசையை மறந்துவிட்டு 'வி வில் ராக் யூ' போடுங்கள். டம், டம், டப். இரண்டு முறை காலால் மிதித்து ஒரு கைதட்டு, கடைசிவரை அவ்வளவுதான் தாளம், டிரம்ஸே கிடையாது. ஸ்டூடியோவில் கிடந்த பலகைகளில் மிதித்துப் பதிவு செய்து, அதையே அடுக்கடுக்காகச் சேர்த்துக் கூட்டமே மிதிப்பதுபோல ஆக்கினார்கள். தம்பியிடம் டீக்கடை பெஞ்சில் தட்டிக் காட்டினேன். பெஞ்சிலும் டப்பாவிலும் தாளம் போட்டே பாட்டு கேட்டு வளர்ந்த பையன், இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டான். கிளாஸ் தளும்பியதில் டீக்கடை அண்ணனுக்குத்தான் கோபம்.

இப்போது ஒரு நோட்டு எடுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரில் எழுதியவர் பெயரைக் குறியுங்கள். இதைப் பலர் செய்வதில்லை, எனக்கு ருசி பிடிபட்டதே இதில்தான். 17இல் பத்து பாடகர் ஃப்ரெடி மெர்குரி எழுதியது (நம்ம நாட்டில், மகாராஷ்டிராவின் பாஞ்ச்கனியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர்), ஐந்து கிதார் வாசித்த பிரையன் மே, இரண்டு பேஸ், அதாவது தாழ்ந்த சுரத்தில் ஒலிக்கும் கிதார் வாசித்த ஜான் டீக்கன். 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' பாட்டில் அந்த பேஸ் ஏன் அப்படி முன்னால் வந்து நிற்கிறது என்று இப்போது புரியும், எழுதியதே பேஸ்காரர்! டிரம்மர் ரோஜர் டெய்லர் எழுதியதில் ஒன்றுகூட இல்லை. அவரைத் தேடித்தான் 1991இல் வந்த இரண்டாம் தொகுப்புக்குப் போக வேண்டும். 'ரேடியோ கா கா', 'எ கைண்ட் ஆஃப் மேஜிக்' இரண்டும் அங்கே இருக்கின்றன. அது வெளியாகி ஒரு மாதத்துக்குள் ஃப்ரெடி இறந்துபோனார். அதிலுள்ள 'த ஷோ மஸ்ட் கோ ஆன்' பாட்டை ராத்திரியில் ஹெட்போனில் கேளுங்கள்.

அப்புறம் யார் எழுதியது அதிகம் பிடித்ததோ, அந்தப் பாட்டு முதலில் வந்த ஆல்பத்தைத் தேடுங்கள். தம்பி டீக்கன் கட்சி. அதனால் 'யூ ஆர் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்' இருக்கும் 1975 ஆல்பம் 'எ நைட் அட் த ஆப்ரா'வைக் கொடுத்தேன், 'போஹீமியன் ராப்சடி'யும் அதில்தான். 1999இல் வந்த மூன்றாம் தொகுப்புக்கு அவசரமில்லை, பேண்டில் இருந்தவர்கள் தனியாகப் போட்ட பாட்டு, மற்றவர்களோடு சேர்ந்து பாடியது எல்லாம் கலந்து கிடக்கும்.