22 தீர்த்தக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமேஸ்வரம் கோயிலுக்குள் யாத்திரிகர்கள் வரிசையாக நீராடும் புனித நீர்நிலைகள், அதாவது தீர்த்தங்கள், 22. அவர்களுக்கு வழிகாட்டப் புதிதாக வரும் பையன்கள் இந்த எண்ணில்தான் தடுமாறுகிறார்கள். தீர்த்தத்தின் பெயரை மாற்றிச் சொல்வதையெல்லாம் விடுங்கள், பழகப் பழகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

கடலையும் சேர்த்து எண்ணுவது

எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இதற்குத்தான். அக்னி தீர்த்தம் என்பது கோயிலுக்குக் கிழக்கே இருக்கும் கடல். அங்கே முழுகிவிட்டு ஈரத்துணியோடு கோயிலுக்குள் வருவது வழக்கம். 22 என்பது மதிலுக்குள் இருப்பவை மட்டும். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடியும். பெரும்பாலும் கிணறுகள், சேதுமாதவ தீர்த்தம் குளம். கடலை ஒன்று என்று எண்ணிவிட்டால் உள்ளே 21 முடிந்ததுமே 22 ஆகிவிடும்.

அப்படித்தான் மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்றை ஒரு பையன், "22 முடிஞ்சது, துணி மாத்திக்கங்க" என்று அனுப்பிவிட்டான். ஈரத்துணியோடு சன்னிதிக்குள் விடமாட்டார்கள் என்பதால் எல்லாரும் மாற்றிக்கொண்டு தரிசன வரிசைக்குப் போய்விட்டார்கள். கூட வந்த பாட்டிதான் என்னைப் பார்த்து, "கோடி தீர்த்தம் எங்கப்பா?" என்று கேட்டார். மறுபடி நனைந்தால் மாற்ற வேறு துணி இல்லை. வேன்காரர் வேறு போன் மேல் போன். கணவருக்குத் திதி கொடுக்க வந்த அந்தப் பாட்டி, கோடி தீர்த்தம் தலையில் படாமலே ஊர் திரும்பினார்.

கோயிலுக்குள் வந்த பிறகு எண்ணத் தொடங்குங்கள். கோடி தீர்த்தம் ஊற்றாமல் யாரையும் துணி மாற்ற அனுப்பாதீர்கள்.

64, 24, 22

மூன்றுமே வழக்கில் உள்ளவை. தீவிலும் சுற்றிலும் 64 என்பார்கள். ஸ்கந்த புராணத்தில் வரும் சேது மாகாத்மியம் சிறப்பித்துச் சொல்வது 24. கோயிலுக்குள் 22. தங்கச்சிமடம் வில்லூண்டி தீர்த்தமும் தனுஷ்கோடி வழியில் உள்ள ஜடா தீர்த்தமும் வெளியே இருப்பவை. ஒரு பெரியவர் 24 என்று சொன்னால் மறுத்துப் பேச வேண்டாம், அவர் படித்துவிட்டு வந்திருப்பார்.

அம்புக் கதை

இந்த 22 என்ற எண் ராமனின் அம்பறாத்தூணியில் இருந்த 22 அம்புகளைக் குறிக்கிறது என்பது நம்பிக்கை. நம்பிக்கை என்றே சொல்லுங்கள்.

நோய் தீரும் என்று வாக்குக் கொடுப்பது

கூடவே கூடாது.

புயல் தேதியோடு முடிச்சுப் போடுவது

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி அழிந்தது. அந்தத் தேதியையும் தீர்த்தக் கணக்கையும் சேர்த்து மர்மக் கதை சொல்லாதீர்கள். வீட்டு ஆளைப் பறிகொடுத்தவர்கள் இந்தத் தீவில் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் காதிலும் விழும்.